சிவராத்திரிக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டாம்

மாசி பிறந்தால் போதும், கைபேசிக்கு ஒரு தகவல் வந்துவிடும். அனுப்புகிறவர் பெரியப்பாவாக இருக்கலாம், பழைய பள்ளித் தோழராக இருக்கலாம். வாசகம் மட்டும் மாறாது. மகா சிவராத்திரி அன்று பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கெட்ட செல்களை நல்ல செல்கள் தின்று தீர்த்துவிடும். இதைக் கண்டுபிடித்த ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். நம் முன்னோர்களுக்கு இது எப்போதோ தெரியும். கூடவே ஒரு பின்குறிப்பு: அன்று இரவு கோள்களின் நிலை உடம்பின் சக்தியை மேல்நோக்கித் தள்ளும், அதனால் முதுகுத்தண்டை நிமிர்த்தி உட்கார வேண்டும். வைகுண்ட ஏகாதசிக்கும் இதே தகவல்தான், சாமி பெயரும் தேதியும் மாறும்.

விழுப்புரத்து டீக்கடை பெஞ்சிலும் இதைக் கேட்கலாம், திண்டிவனத்துக் கோயில் ஒலிபெருக்கியிலும் கேட்கலாம். ஆன்மிகச் சொற்பொழிவாளர், யோகா மாஸ்டர், எடை குறைப்பு ஆலோசகர் எல்லாரும் ஒரே சுருதியில் பாடுகிறார்கள். 'எதிலும் ஒரு சயின்ஸ் இல்லாமலா வெச்சாங்க?' என்பதற்கு மறுபேச்சே கிடையாது. நாத்திகர் சிரித்துவிடுவாரோ என்ற கூச்சத்தில் பிறந்த சமாதானம் இது. இன்று பக்தர் வீட்டின் அதிகாரபூர்வ விளக்கமாகவே ஆகிவிட்டது.

இந்த விளக்கம் அறிவியலாகவும் நிற்காது, பக்தியாகவும் நிற்காது. முதலில் அறிவியலைப் பார்த்துவிடலாம். அது சீக்கிரம் முடிகிற வேலை.

அந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி. 2016-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது உண்மை. செல் தன் உள்சரக்கையே பொதிந்து எடுத்துச் சென்று, சிதைத்து, மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் வேலைக்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். பெயரை அவர் வைக்கவில்லை. 1963-லேயே கிறிஸ்டியன் டி டூவ் வைத்துவிட்டார். அந்த வேலையை எந்தெந்த மரபணுக்கள் நடத்துகின்றன என்று 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்ததுதான் ஓசுமியின் சாதனை. அவர் பட்டினி போட்டது மனிதர்களை அல்ல, ஈஸ்டை. ரொட்டி மாவை உப்ப வைக்கிற, விழுப்புரம் பக்கத்துப் பனந்தோப்புகளில் பானைக்குள் இறங்கும் பதநீரைச் சுண்ணாம்பு தடவாவிட்டால் கள்ளாக்கிவிடுகிற அதே ஈஸ்ட். சிவராத்திரி விரதத்துக்குச் சாட்சி சொல்ல இவர்கள் கூண்டில் ஏற்றியிருப்பது கள்ளின் கூட்டாளியை என்பதை அந்தத் தகவலை அனுப்புகிற யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நல்ல செல் கெட்ட செல்லைத் தின்கிறது என்பதும் கதைதான். ஒவ்வொரு செல்லும் தன் குப்பையைத் தானே கூட்டிக்கொள்கிறது. வளர்ந்துவிட்ட புற்றுநோய்ச் செல்லும் பிழைத்துக் கிடக்கச் சில நேரம் இதே வித்தையைக் கையாள்கிறது. மனித உடம்பில் எத்தனை மணி நேரப் பட்டினிக்கு இது எவ்வளவு கூடும் என்பதற்கு மருத்துவத்தில் உறுதியான கணக்கு இன்னும் இல்லை. அப்படியே இருந்தாலும் நம் வீட்டு விரதத்துக்கு அது பொருந்துமா? 'சோறுதான் ஆகாது' என்று சொல்லிவிட்டு ரவை உப்புமா, வாழைக்காய் பஜ்ஜி, பால், பழம், நடுராத்திரியில் ஒரு டம்ளர் காபி என்று போகிற விரதம் எந்தச் செல்லைப் பட்டினி போடும்? நான் அந்தப் பலகாரத்தைக் குறை சொல்லவில்லை, அதற்குக் கோயில் வழக்கில் இடமிருக்கிறது. ஓசுமியின் ஆய்வுக்கூடத்தில்தான் இடமில்லை.

கோள்களின் கதைக்கு ஜோதிடரே சாட்சி. வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு 29 ஆண்டுக்கு மேல். ஆகவே இந்த மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் அவை நிற்கும் இடத்தில் அடுத்த மாசியில் நிற்கப் போவதில்லை. ஆண்டுதோறும் மாறுகிற நிலை, ஆண்டுதோறும் ஒரே இரவில் நம் முதுகெலும்பை மட்டும் எப்படித் தேடி வருகிறது? நிலாதான் காரணம், கடலையே இழுக்கிற நிலா உடம்பிலுள்ள நீரை இழுக்காதா என்பார்கள். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். அங்கே கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அமாவாசையை ஒட்டித் தண்ணீர் ஏறும் என்பார்கள், பௌர்ணமியை ஒட்டியும் அப்படியே ஏறும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி பௌர்ணமிக்கும் நாம் விழித்துக் கிடக்க வேண்டும். மேலும், ஏறுவது கடல்தான். கடற்கரையில் வைத்த குடத்துத் தண்ணீர் எந்தத் திதியிலும் தளும்புவதில்லை.

சரி, பொய்யாகவே இருக்கட்டும், நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பொய் என்ன செய்கிறது என்று பாருங்கள். பிள்ளைகள், முதியவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு விரதத்தில் விலக்குத் தருவது நம் மரபு. முழுப்பட்டினி முடியாதவருக்கு ஒருவேளை உணவு, அதுவும் முடியாதவருக்குப் பால், பழம் என்று படி இறக்கிக் கொடுத்திருக்கிறது. ஏன்? பட்டினி உடம்பை வாட்டும் என்று அதற்குத் தெரியும். விரதம் மருந்தாக இருந்திருந்தால் முதலில் நோயாளிக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்? மருந்துச் சீட்டில் நோயாளிக்கு விலக்கு எழுதுகிற வைத்தியர் எந்த ஊரிலும் இல்லை. இன்று உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லி அந்த விலக்கைத்தான் முதலில் ஒழிக்கிறோம். சர்க்கரைக்கு இன்சுலினோ, சில வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரேலென்று இறங்கும், ஆள் மயங்கி விழலாம். 'சுகருக்கே நல்லதாம்' என்று தகவலைப் படித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பவரை மரபு காப்பாற்றியிருக்கும். விஞ்ஞானம் பேசுகிற பக்திதான் அவரைக் கைவிடுகிறது.

'லங்கணம் பரம ஔஷதம் என்றார்களே' என்று ஒருவர் எழுந்திருப்பார். சொன்னது உண்மைதான். காய்ச்சலிலும் செரிமானக் கோளாறிலும் வயிற்றுக்கு ஓய்வு கொடு என்கிற வைத்திய மொழி அது. உடம்பு கெட்டபோது செய்வது லங்கணம், பஞ்சாங்கம் பார்த்துச் செய்வது விரதம். முன்னதில் உடம்பு சரியானதும் காரியம் முடிந்தது. பின்னதில் உடம்பு சரியாக இருப்பவன்தான் தொடங்கவே முடியும்.

அப்படியானால் சிவராத்திரி எதைப் பற்றியது? அதற்குக் கதைகளிடம் போக வேண்டும். நம் ஆட்கள் விஞ்ஞானத்தை நம்புகிற அளவுக்குத் தங்கள் கதையை நம்புவதில்லை.

வேடன் கதை எல்லோருக்கும் தெரியும், தெரியும் என்பதாலேயே யாரும் அதை யோசிப்பதில்லை. பகலெல்லாம் அலைந்தும் வேட்டை கிடைக்கவில்லை. இருட்டிவிட்டது. ஒரு வழக்கில் புலி துரத்துகிறது, இன்னொன்றில் குளக்கரைக்கு வரும் மானுக்காகக் காத்திருக்கிறான். இரண்டிலும் வில்வ மரத்தில் ஏறிக்கொள்கிறான். தூங்கி விழாமலிருக்க இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறான், கீழே லிங்கம் இருப்பது அவனுக்குத் தெரியாது. மான்கள் வரும் கதையில் ஜாமத்துக்கு ஒன்றாக வந்து 'குட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று கெஞ்ச, ஒவ்வொன்றையும் விட்டுவிடுகிறான். விடிகிறபோது அவன் கை வெறுங்கை, வீட்டில் பிள்ளைகள் பட்டினி. சிவராத்திரி விரதத்தின் முதல் ஆள் இவன்தான். இவன் விரதம் இருக்கவே இல்லை! சாப்பாடு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தூங்காததற்குக் காரணம் பயம். சங்கல்பம் இல்லை, குளியல் இல்லை, மந்திரம் இல்லை, ஆரோக்கியம் பற்றிய நினைப்பு துளிகூட இல்லை. அந்த இரவைத்தான் சிவன் பூசையாக எடுத்துக்கொண்டார் என்கிறது புராணம். கிடைக்காதவனின் பசியைக் கிடைக்கிறவர்கள் வருடத்தில் ஒருநாள் எடுத்துப் போர்த்திக்கொள்வதுதான் இந்த நோன்பு என்று நான் படிக்கிறேன். வேறு மாதிரிப் படிக்க இடமிருக்கலாம். ஆனால் இதைக் கொழுப்பு குறைக்கும் திட்டமாகப் படிக்க எந்த வரியிலும் இடமில்லை.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இதைவிட நெருக்கமான கதை ஒன்று சொந்தமாக இருக்கிறது. செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூர். அங்காள பரமேஸ்வரி புற்றாக அமர்ந்த ஊர். மீன்பிடி மரபில் வந்த பர்வதராஜ குலத்தார்தான் அங்கே பரம்பரைப் பூசாரிகள். மாசித் திருவிழா சிவராத்திரியன்று கொடியேறித் தொடங்கும். மறுநாள் மயானக் கொள்ளை, ஐந்தாம் நாள் தீமிதி, ஏழாம் நாள் தேர். அதன் கதை இதுதான்: பிரம்மனின் ஐந்தாம் தலையைச் சிவன் கிள்ளிவிட, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் பிச்சைக்காரராக ஊர் ஊராக அலைந்தார். பிச்சை போடப் போட, விழுந்ததையெல்லாம் கபாலமே தின்றுவிட்டது. கையில் சோறு, வயிற்றில் ஒன்றுமில்லை. மலையனூருக்கு வந்தபோது அம்மன் முதல் கவளத்தைக் கபாலத்தில் இட்டாள், இரண்டாவதையும் இட்டாள், மூன்றாவதைக் கை தவறியதுபோலத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கியது. எடுத்தாள் பேருருவம், மிதித்தாள் காலால். சிவனின் பட்டினி தீர்ந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட ஒரு பஸ்ஸில் நன்றாகப் புரிந்துகொண்டேன். திண்டிவனத்தில் புறப்பட்ட சிறப்புப் பேருந்து, செஞ்சி தாண்டும் முன்பே நிற்க இடமில்லை. என் பக்கத்தில் எழுபதை எட்டிய ஓர் ஆயா, மடியில் மஞ்சள் துணிப்பை. பையில் கத்தரிக்காய், பூசணிக்கீற்று, முடிச்சுப் போட்ட கேழ்வரகு, பயறு, வாழையிலையில் சுருட்டிய கொழுக்கட்டை. எல்லாம் மயானத்தில் இறைக்க. முந்தின நாள் காலையிலிருந்து ஒருபொழுதுகூட இல்லை, பச்சத்தண்ணி பல்லில் படவில்லை. கூட வந்த பேரன் கல்லூரிப் பையன், கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆயா, பட்டினி கெடந்தா ஒடம்புல இருக்கற கெட்ட செல்லெல்லாம் அழிஞ்சிடுமாம். அதுக்குத்தான் அந்தக் காலத்துல வெச்சாங்களாம்."

ஆயா ஜன்னல் பக்கமிருந்து திரும்பக்கூட இல்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாதுடா. சாமியே சோத்துக்கு அலைஞ்சிக்கினு இருக்குது. நான் எப்பிடிடா உக்காந்து திங்கறது?"

இதற்கு மேல் தத்துவம் சொல்ல ஆதீனமே வந்தாலும் முடியாது. அவளுடைய விரதத்துக்குப் பலன் என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பையில் இருந்தது. அது வெளியே போக வேண்டியது. மயானக் கொள்ளையில் நெல்லும் பயறும் காயும் பழமும் சில்லறையும் கூட்டத்தின் தலைக்கு மேலே பறக்கும். இறைத்ததைப் பொறுக்கி எடுத்துப் போய் நிலத்தில் தூவினால் விளையும் என்று உழவர்கள் துண்டை விரித்து நிற்பார்கள். காளி வேடக்காரர் கோழியைக் கடிப்பார், ரத்தம் வழியும். சாத்வீக உணவு, நச்சு நீக்கம், மன அமைதி என்று பேசுகிறவர்கள் இங்கே வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் சிவராத்திரி இந்த மண்ணில் முடிகிற இடம் இதுதான். ஓர் இரவு பசி, மறுநாள் ஊர் முழுக்கச் சோறு. முதல் பாதியை மட்டும் வெட்டியெடுத்து டயட் என்று விற்கிறது நம் காலம்.

பசி எல்லோரையும் ஒன்றாக்குகிறது என்று இங்கே ஒரு வாக்கியம் எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. எழுத மாட்டேன். விழுப்புரத்துக்குப் பக்கத்தில்தான் மேல்பாதி. தலித் மக்கள் உள்ளே வருவதா என்ற தகராறில் 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின் பேரில்தான் பூசைக்காகக் கதவு திறந்தது. காப்புக் கட்டி விரதமிருந்து தீமிதிக்கிற அம்மன் அவள். விரதம் தானாக யாரையும் திருத்திவிடாது. ஆரோக்கியப் பொய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சமத்துவப் பொய்யை வைப்பதற்கு நான் வரவில்லை.

விரதத்தை எதிர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 'வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்குப் போதிக்கும் ஏமாற்று' என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் இதைவிடக் கடுமையான எதிர்ப்பு நம் பக்கத்து மாவட்டத்திலிருந்தே, அதுவும் பக்திக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. வடலூரில் 1867-இல் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டிய வள்ளலாருக்குப் பசி ஒரு பிணி. உயிர்களிடம் இரக்கம் இல்லாமல் செய்யும் தவமும் விரதமும் ஜெபமும் பயனற்றவை என்று அவர் எழுதினார். அதற்கு வெகு காலம் முன்பே வள்ளுவர் ஈகை அதிகாரத்தில், பசியைப் பொறுத்துக்கொள்கிறவனின் ஆற்றலைப் பசியைத் தீர்க்கிறவனின் ஆற்றலுக்குப் பின்னால்தான் உட்கார வைத்தார். இந்த இரண்டு பேரின் கேள்விக்குச் சிவராத்திரிக்காரர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அடியாருக்கு அன்னமிட்டுவிட்டுப் பிறகு பாரணை செய்வது என்ற பழைய முறையிலும், மலையனூர் மயானத்திலும் அந்தப் பதிலில் பாதியாவது இருக்கிறது. 'ஆட்டோஃபேஜி' என்று சொல்லிப் பாருங்கள். வள்ளலார் முன்னால் அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரியும். அடுத்தவன் பசி பற்றிய கேள்விக்கு என் செல் சுத்தமாகிறது என்பதா பதில்?

ஆரோக்கிய விளக்கத்தின் குற்றமே இதுதான்: அது பட்டினியைத் தன் உடம்போடு முடித்துக்கொள்கிறது. அதில் இன்னொரு மனிதர் வருவதற்கு வாசல் இல்லை. 1956-இல் தமிழ்நாடு என்ற பெயர் முதலிய கோரிக்கைகளுக்காகச் சங்கரலிங்கனார் விருதுநகரில் உண்ணாமல் கிடந்து உயிர் விட்டார். அவருடைய பட்டினியால் உடம்புக்கு என்ன நன்மை என்று யாராவது கேட்டிருந்தால் ஊர் அவரை என்ன செய்திருக்கும்? பட்டினியின் எடை அதற்குக் கொடுக்கிற விலையில் இருக்கிறது. லாபம் வருகிறது என்றால் அது விரதம் இல்லை, முதலீடு.

வீட்டுக்குள் நடப்பதையும் அந்தத் தகவல் பேசாது. நம் ஊரில் விரதங்களை உண்மையில் சுமக்கிறவர்கள் பெண்கள். தான் பட்டினி கிடந்துகொண்டே பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றி, மாமனாருக்குக் கஞ்சி வைத்து, வெளியே போகிறவருக்கு டிபன் பாக்ஸ் கட்டி, பிறகு நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போய்விட்டு, சாயங்காலம் தலைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவளிடம் 'உன் உறுப்புகளுக்கெல்லாம் இன்று ஓய்வு' என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஓய்வு வேண்டுமென்றால் அன்றைக்கு அடுப்படியை ஆண்கள் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நோபல் பரிசு பெற்றவரின் ஒப்புதல் தேவைப்படாது.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது, அதை அலட்சியப்படுத்த மாட்டேன். 'சயின்ஸ் சொன்னால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்படியாவது வழக்கம் நிலைக்கட்டுமே' என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் கணக்குத் தெரிந்தவர்கள். உடம்புக்காகத்தான் பட்டினி என்றால், எட்டு மணி நேரம் சாப்பிட்டுப் பதினாறு மணி நேரம் வாயைக் கட்டு என்று ஓர் ஆப் தினமும் சொல்கிறது. அதற்குச் சிவனும் வேண்டாம், சதுர்த்தசியும் வேண்டாம், திருவாமாத்தூர் கோயிலில் நான்கு ஜாமம் கொட்டக் கொட்ட விழிக்கவும் வேண்டாம். தூக்கம் கெடுவது உடம்புக்கு ஆகாது என்று அதே ஆப் எச்சரிக்கவும் செய்யும். அப்போது என்ன சொல்வீர்கள்? நாளைக்கே இன்னொரு ஆய்வு வந்து காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே என்று சொன்னால், நேற்று விஞ்ஞானத்தை நம்பி வந்தவன் இன்று அதே விஞ்ஞானத்தை நம்பிப் போய்விடுவான். அவனைக் குறை சொல்ல உங்களுக்கு வாயிருக்காது.

பையன் 'ஏன் பட்டினி?' என்று கேட்டால் வேடன் கதையைச் சொல்லுங்கள். கபாலம் தின்ற கதையைச் சொல்லுங்கள். செஞ்சியில் பஸ் பிடித்து மலையனூருக்குக் கூட்டிப் போய், கையில் ஒரு படி பயறைக் கொடுத்து இறைக்கச் சொல்லுங்கள். 'இதெல்லாம் எனக்குப் போதவில்லை, பசிக்கிறது' என்றால் உட்கார வைத்துச் சோறு போடுங்கள். அன்றைக்கு அவன் சாப்பிட்டால் சிவராத்திரிக்கு ஒரு குறையும் வராது.